வரைபில் கடலுக்குப் போன ஓடை

திரையில் இருந்த வரைபை வாவியின் தேசப்படம் என்று நம்பினேன். ஐம்பதை நெருங்கும் ஆள், வேலை தண்ணீர் சோதிக்கும் அலுவலகத்தில். சொல்ல எனக்கே கூச்சம்தான். ஆனால் என் மூளையின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வாவிக்கரையில் பிறந்தவனுக்கு வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வயல். வரைபிலும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வலப்பக்கம்தான் நின்றது.

வேலை லேசானது. வாவியிலும் ஓடைகளிலும் அள்ளிய தண்ணீரின் அளவுகள் ஓர் அட்டவணையில் இருந்தன. ஒரு வரிக்கு ஓர் இடம். வரைபில் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி. மவுஸை அசைத்தால் திரையில் ஒரு சிலுவைக்குறி ஓடும். அதைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினால், அந்த வரியிலுள்ள இடப்பெயர் பக்கத்தில் வந்து உட்காரும். எல்லாப் புள்ளிக்கும் பெயர் போடச் சொல்லியிருந்தார் எங்கள் அதிகாரி மிஸ்.

வலது ஓரத்தில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி கிடந்தது. அழுத்தினேன். ‘வெல்லாவெளி ஓடை’ என்று வந்தது.

கை தவறி ஓடையைக் கடலுக்குள் இழுத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பெயரை அழித்துவிட்டுத் திரும்ப அழுத்தினேன். அதே ஓடை. இடப்பக்கம், ஓடை இருக்கவேண்டிய வெற்றிடத்தில் அழுத்திப் பார்த்தேன். பக்கத்துப் புள்ளி தன் பெயரைச் சொல்லியது. அட்டவணையையே குழப்பிவிட்டேன் என்று வியர்த்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் போன் எடுத்தான். மனைவியின் அண்ணன், என் வயதுக்காரன். அந்த ஓடைக்கரையில்தான் அவன் வயல். சிறுபோக நெல் கதிர் தள்ளும் நேரம், வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வாடகைக்கு எடுத்த பம்போடு கரையில் நின்றான்.

“மச்சான், ஓடைத் தண்ணி எப்பிடியாம்? பம்ப இறக்கட்டா?”

“கொஞ்சம் பொறு. ஓடை இப்ப கடலுக்க நிக்கிது.”

“என்ன, வெள்ளனவே தண்ணி போட்டிட்டியா?”

“இல்லடா. நான்தான் தெரியாமத் தள்ளிப்போட்டன். எடுத்து வெச்சிட்டுச் சொல்றன்.”

“இஞ்ச வெள்ளாமை வாடுது. நீ பகிடி விடுறாய்.”

மிஸ் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து திரையைப் பார்த்தார், பிறகு என்னை.

“அண்ணே, இது தேசப்படம் இல்ல. வலப்பக்கம் போகப் போக உப்புக் கூடும். மேல போகப் போகக் கலங்கல் கூடும். அவ்வளவுதான்.”

“அப்ப நான் அழுத்தினதால ஒண்டும் நகரல்லையா?”

“பேர் மட்டும்தான் வரும். வாவிய நகர்த்துற அதிகாரம் உங்களுக்கு இன்னும் தரல்ல.”

உயிர் வந்தது. ஒரு பிளேன்ரீ குடிக்கலாம் என்று எழும்பியவன், பாதியில் நின்றேன்.

“அப்ப ஓடை ஏன் மிஸ் அந்த ஓரத்தில நிக்கிது?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஓடைத் தண்ணீர்ப் போத்தலில் மிச்சம் இருந்தது. உப்பு மீற்றரை விட்டுத் திரும்ப அளந்தோம். அட்டவணையில் இருந்ததுதான் வந்தது.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். “பம்ப இறக்காத.”

“ஓடைய எடுத்து வெச்சிட்டியா?”

“அது சரியான இடத்திலதான் நிண்டிருக்கு. முழுக்க உப்பு.”

“அப்ப பம்ப ஏத்திக்கொண்டு போறன்” என்றான் மச்சான்.

மழையில்லாமல் வாவியின் உப்பு ஓடைக்குள் ஏறியிருந்தது. அவன் பம்பை இறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் மேட்டுப்பக்கம் கருகிவிட்டது. தப்பிய பள்ளப்பக்கத்தில் கதிர் வெட்டினார்கள்.