ஒரே காலையில் இரண்டு தாள்

தேர்வு அட்டவணை போடும் வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. படூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அது ஐந்து வருடங்களாக என் தலையில் விடிந்திருக்கிறது. கணக்கு நடத்துகிறவளுக்குக் கட்டம் போடத் தெரியும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் பிறந்தாலே துறைக்கு ஒருவராக வந்து நிற்பார்கள். இந்தத் தாளுக்கு முன்னால் இரண்டு நாள் இடைவெளி வேண்டும், அந்தத் தாள் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு முகூர்த்தம், மச்சினிக்குக் கல்யாணம். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு என் இஷ்டப்படிதான் போடுவேன்.

இப்போது படிக்கிறவர்களுக்கு ஒரே வேளையில் இரண்டு தாள் விழுந்தால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். படிப்பை முடித்து வெளியே போன பிறகு அரியர் எழுத வருகிறவர்களின் கதை வேறு. அவர்கள் பட்டியல் என் கைக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் வரைவு அட்டவணையை ஐந்து நாள் வெளியிட்டு வைப்போம். தாள்கள் மோதினால் அவர்களே சொல்ல வேண்டும். அந்த ஐந்து நாளுக்குள் சொன்னால் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். அதற்கப்புறம் சொன்னால் ஒன்றை அடுத்த முறை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

போன வருடம் மூன்றாம் நாள் மாலை ஒரு போன் வந்தது. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன். அவனுக்குப் பாக்கி இருந்தது இரண்டே தாள், இரண்டும் ஒரே நாள் காலையில் விழுந்திருந்தன. அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த முறை தவறினால் பட்டமே கிடையாது. பதிவு எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொன்னான்.

"எழுதிக்கினீங்களா மேடம்?"

எழுதிக்கொண்டேன் என்றேன். கேளம்பாக்கம் தாண்டும் பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். எதில் எழுதுவது? இறங்கியதும் எழுதலாம் என்று நினைத்தேன். இறங்கியதும் தக்காளி வாங்கினேன்.

இறுதி அட்டவணை வெளியான மறுநாள், காலை ஷிஃப்டை முடித்துவிட்டுக் கம்பெனிச் சட்டையோடு வந்து ஹால் டிக்கெட்டை நீட்டினான். இரண்டு தாளும் அதே காலையில்தான் இருந்தன. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அவனை அழைத்துப் போனேன். கதவுக்கு வெளியே நிறுத்தி, போன் செய்ததைப் பற்றிப் பேச்செடுக்காதே என்றேன். வேலை நெருக்கடியில் வரைவைப் பார்க்கவில்லை என்று சொன்னால் இரக்கப்படுவார் என்றேன். முந்தைய வருடம் குழந்தை பெற்றிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி இரங்கியிருந்தார். அவன் நன்மைக்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நானே நம்பினேன். காப்பாற்றப் பார்த்தது என்னைத்தான்.

வரைவு போட்டபோது ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். சொல்லிக்கொடுத்தபடியே, "பாக்கல சார்" என்றான். அவர் கோப்பை மூடினார். கடைசி வாய்ப்பு என்று தெரிந்தவன் முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா, ஏதாவது ஒரு தாளை எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவன் என் பக்கம் திரும்பினான். கெஞ்சலோ குற்றச்சாட்டோ இல்லாத முகம். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று நான் எடுத்துக்கொடுப்பேன் என்று காத்திருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

"இவன் அப்பவே போன் பண்ணிச் சொன்னான் சார். எழுதிட்டேன்னு சொல்லிட்டு நான்தான் எழுதல. பாக்கலன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

போனை எடுத்து அந்தத் தேதியின் அழைப்பைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் முன்னாலேயே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் வழியும் சொன்னார்: ஒரு தாள் காலையில், மற்றது மதியம், அவனுக்கு மட்டும் தனியாக. அந்தத் தாளை மற்றவர்கள் காலையிலேயே எழுதிவிடுவார்கள் என்பதால் நடுவில் அவன் யாரையும் பார்க்கக் கூடாது, போன் கூடாது. மாலை வரை கூடவே இருக்க வேண்டியது நான்.

இரண்டிலும் தேறிவிட்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்வன்று மதியம் தேர்வு அறையின் பின்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் எலுமிச்சை சாதம், நான் தயிர் சாதம். பாடத்தைப் பற்றிப் பேசக் கூடாது, வேறு பேசவும் இருவருக்கும் ஒன்றுமில்லை. கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலே முக்காலுக்கு என்றான். இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கியிருந்தான், தாமதமாக வரவும் கெஞ்சி அனுமதி கேட்டிருந்தான். பிறகு உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் தூங்கினான்.

மதியம், அறுபது பேர் உட்காரும் கூடத்தில் அவன் ஒருவன் மட்டும். மூன்று மணி நேரமும் எழுதினான், இரண்டு முறை கூடுதல் தாள் கேட்டான். மணி அடித்ததும் விடைத்தாளை நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகியும் நகரவில்லை. வருகைத் தாளில் அவன் பதிவு எண்ணை நான் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழுதிக்கினீங்களா மேடம்?"

அதில் கேலி இல்லை. தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினான்.