நான்கு மாத்திரைகளுக்கு ஒரே சொல்

என் மேசை மேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் நிற்கிறது. எடுத்து ஆட்டினால் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் குலுங்குகின்றன. உள்ளே நாணயம்போல் அகலமான கால்சியம் மாத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நேற்று அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். எனக்கு எந்த மருத்துவரும் எழுதித் தந்ததல்ல. பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. தூக்கிக் குப்பையில் போடவும் கை வரவில்லை. என் அக்காவின் தொண்டையைப் புண்ணாக்கியது இதே மாதிரி ஒரு மாத்திரை. அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எழுதியவன் நான்.

கல்லூரி முடித்ததும் ஜெர்மன் கற்றேன். சென்னையில் இயந்திரங்களை இறக்குமதி செய்த ஒரு நிறுவனத்தில், அந்த இயந்திரங்களோடு வரும் காகிதங்களை ஆங்கிலமாக்கும் வேலையிலேயே தலை நரைத்தது. ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் ஜெர்மன் மருந்துக் குறிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும். வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. வாய்க்குள் மாத்திரை என்ன ஆக வேண்டும் என்பதை ஜெர்மானியர்கள் அதன் பெயரிலேயே சொல்லிவிடுவார்கள். ப்ரௌஸெ என்று தொடங்கினால் அது நம் கோலி சோடாபோல் நுரைத்துப் பொங்குவது. தம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் குடிக்க வேண்டியது. ஷ்மெல்ஸ் என்றால் நாக்கின்மேல் வெண்ணெய்போல் உருகுவது. லுட்ஷ் என்றால் ஆரஞ்சு மிட்டாய்போல் சப்ப வேண்டியது. நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதற்கு இன்னொரு பெயர். நான்கும் கரைகின்றன. ஆனால் கரைகிற இடம் வேறு, விதம் வேறு. ஆங்கிலத்திலும் நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு; நுரைப்பது எஃபர்வெசென்ட், நாக்கடியில் வைப்பது சப்லிங்குவல் என்று. அவை எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்றால் இவ்வளவு எரியாது.

நிலையத்தின் மேலாளர் என்னைவிட முப்பது வயது இளையவர். கோபப்படவே மாட்டார். ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "சார், எஃபர்வெசென்ட், சப்லிங்குவல் எல்லாம் போட்டா முகாம்ல யாருக்கு சார் புரியும்? எல்லாத்துக்கும் டிஸ்ஸால்வபிள் டேப்லெட்னு ஒரே சொல்லா வச்சுக்கலாம். கிளையன்ட் சிம்பிளா கேக்கிறாங்க." வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இலவச முகாம்களில் கொடுக்க ஜெர்மன் மருந்துகளை அனுப்புகிறது, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பக்கத்தில் சுருக்கமான ஆங்கிலத் தாள் வேண்டும். அதுதான் வேலை. நான் ஒப்புக்குக் கொஞ்சம் முனகினேன். "நீங்க சீனியர் சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனேன். எளிமை, எளிமை என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு அடிக்கக் கை எழுகிறது. சோம்பலுக்கும் கஞ்சத்தனத்துக்கும் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் அது.

கால்சியம் மாத்திரையின் ஜெர்மன் குறிப்பில், தம்ளர் தண்ணீரில் முழுதாகக் கரைந்த பிறகே குடிக்க வேண்டும், மாத்திரையை அப்படியே விழுங்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. என் தாளில் 'கரையும் மாத்திரை, தினம் ஒன்று, உணவுக்குப் பின் தண்ணீருடன்' என்று மட்டும் வந்தது. எச்சரிக்கையை நான்தான் வெட்டினேன். பக்கத்தில் இடம் போதவில்லை. இவ்வளவு பெரிய மாத்திரையை யார் வாயில் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

யார் போடுவார்கள்? என் அக்கா போடுவாள். பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டு, மழையோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவள். எங்கள் பக்கத்தில் சொம்பை உதட்டில் வைத்துக் குடித்தால் எச்சில். சொம்பை உயரத் தூக்கி அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம். மாத்திரைக்கும் அதே வழக்கம்தான். வாயை அகலத் திறந்து, நாக்கில் படாமல் தொண்டைக் குழியில் எறிந்து, மேலிருந்து தண்ணீரைக் கொட்டுவது. பெரிய மாத்திரையானால் இரண்டாக ஒடித்துப் போடுவார்கள். அக்காவுக்கு அதில் ஒரு வித்தாரம். ஒரே வீச்சில் எறிந்துவிட்டு, "ஏலே, ஒங்க ஊரு டாக்டருக்குக்கூட இப்பிடிப் போட வராது" என்று என்னைக் கேலி செய்வாள். சிறுவயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தாளை எழுதியபோது என் நினைவில் ஒரு ஜெர்மன்காரர்தான் மேசையில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அங்கே இல்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அவளை அந்த முகாமுக்கு அனுப்பியதே நான்தான். பரளச்சியில் முகாம் என்று தெரிந்ததும் நானே போன் செய்தேன். "அக்கா, முட்டி வலின்னு சொன்னேல்ல, போய் மாத்திரை வாங்கிக்கோ. பயப்படாத. அதுக்குத் தாள் எழுதினதே நான்தான்."

"நீயா? ஜெர்மன்காரன் மருந்துக்கா?"

"ஆமா."

"அப்ப நோவு இந்நேரம் ஓடிப்போயிருக்குமே" என்று சிரித்தாள். முகாமில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "இது எந்தம்பி எழுதுன மாத்திரை" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மாத்திரை கொடுத்தவள் நர்சிங் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண். தாளைப் பார்த்து அப்படியே சொல்லியிருக்கிறாள்: கரையிற மாத்திரை, சாப்பிட்டுட்டுத் தண்ணியோட போடுங்க. மறுநாள் மதியம் அக்கா மாத்திரையை இரண்டாக ஒடித்து, தொண்டையில் எறிந்து, சொம்பைக் கவிழ்த்தாள். நுரை பொங்கி மூக்கு வழியாக வந்தது. மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். ஒரு துண்டு தொண்டையடியில், உணவுக்குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பொங்கிப் புண்ணாக்கியது. ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

நான் போனபோது அக்கா மகன் வாசலில் அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு அவளாகவே ஓடி வந்திருந்தாள். "ஏம்மா, படிச்சுட்டுத்தான வாரீக? எங்கம்மாவ கொல்லப் பாத்தியே!" அவள் கையில் அந்தத் தாள் இருந்தது. "இதுல இப்பிடித்தான் சார் போட்டிருக்கு. நீங்களே பாருங்க" என்று அதை என் பக்கமாக நீட்டினாள். படித்தவர் மாதிரி தெரிந்ததால் என்னிடம் நீட்டியிருப்பாள். வாங்கினேன். என் வாக்கியம். மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எழுதியது நான் என்று சொல்லவில்லை. அவளை முகாம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

அன்று மாலை மேலாளருக்குப் போன் செய்து தாளை மாற்றச் சொன்னேன். சத்தம் போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அதே அமைதியோடு கேட்டார்: "மாத்தினா முதல்ல போனது தப்புனு ஆகும். நம்ம ரெக்கார்டுல தாள் உங்க பேர்ல இருக்கு. பரவாயில்லையா சார்?" நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் அனுப்பிய இருமல் மருந்துக் குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால்சியம் தாள் எத்தனை ஊர்களுக்குப் போனதோ, எவர் தொண்டையில் பொங்கியதோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அந்த மேலாளரைத் திட்டாத நாளில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்தான் அயோக்கியத்தனம்.

அக்கா பிழைத்து வந்தாள். குரல் போய்விட்டது. காட்டின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஆள் நிமிரும் குரல் அது. இப்போது காற்று மட்டும் வந்தது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அதையும் கரண்டியால், உதடு பட, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். ஒருநாள் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"ஏலே, அந்தத் தாள்ல அப்பிடியேதான் இருந்துச்சா? இல்ல அந்தப் புள்ள மாத்திச் சொல்லிருச்சா?"

"அந்தப் புள்ளதான் மாத்திச் சொல்லிருச்சு" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. "நெனச்சேன். நீ தப்பா எழுத மாட்டயே" என்றாள். அதன் பிறகு சாகும்வரை, அந்தக் காற்றுக் குரலில் அந்தப் பெண்ணைச் சபித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு நோயில்தான் போனாள் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்.

நேற்று இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் கடைப் பெண் இந்தக் குழாயை நீட்டி அழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஐயா, அண்ணாந்து தொண்டையில போட்டுறாதீக. தம்ளர்ல போட்டு, நுரை அடங்கி, கரைஞ்சப்பறம் குடிக்கணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க." பெரியவர் பள்ளிப் பிள்ளைபோல் ஒப்பித்தார். ஒப்பித்த பிறகுதான் குழாயைக் கையில் கொடுத்தாள். முகம் கொஞ்சம் பருத்திருந்தது. ஆனால் முகாமில் மாத்திரை கொடுத்த அதே பெண்தான்.

என் முறை வந்தது. என்ன வேண்டும் என்றாள். குழாயைக் காட்டினேன். அவள் மறுபடியும் சொல்லத் தொடங்கினாள். "எனக்குத் தெரியும்மா" என்று தடுத்தேன். "பரளச்சி முகாம்ல ஒங்கிட்ட இருந்த தாள எழுதினது நான்தான். அந்த அம்மா என் அக்கா."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல தாள வாங்கிப் பாத்தீகளே, நீங்கதான?"

"ஆமா."

"ஒங்க அக்காகிட்ட சொல்லிட்டீகளா?"

"இல்ல. அவ போயிட்டா."

குழாயைக் காகிதப் பையில் போட்டு என் பக்கம் தள்ளினாள். "அப்ப அவுக என்னையத் திட்டிக்கிட்டேதான போயிருப்பாக" என்றாள். பின்னால் நின்றவரைப் பார்த்து, "ஒங்களுக்கு என்ன வேணும்ண்ணே?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையைத் தம்ளரில் போட்டேன். இரைந்தது, பொங்கியது, விளிம்புவரை வந்து அடங்கியது. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் என் பக்கத்தில் இடமில்லை என்று வெட்டினேன். தம்ளர் இன்னும் மேசையில் இருக்கிறது. நான் குடிக்கவில்லை.