இடது பக்க நாற்காலி

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடந்த சண்டைகளில் பாதியை நான்தான் நடத்திக்கொடுத்தேன். மிகைப்படுத்தவில்லை. கோபம் வந்தால் பெரியம்மா கத்த மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். ஆனால் வீடு நடந்தாக வேண்டுமே? அதற்குத்தான் நான். பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும் திசையைக்கூடப் பார்க்காமல், "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறிப்போகுதுன்னு" என்பாள். நானும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம், "சாப்பாடு ஆறிப்போகுதாம்" என்பேன். "வரேன்னு சொல்லு" என்பார் அவர். இந்தச் சேவைக்காக அவர் எனக்கு வைத்த பெயர் தபால். நான் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, நாலு பேரை அதட்டும் வயது வந்த பிறகும், என் செருப்புச் சத்தம் கேட்டால் "தபால் வந்தாச்சு" என்பார். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. அந்தப் பெயர் மேல் எனக்கு இத்தனை ஆசை இருந்தது அது போன பிறகுதான் தெரிகிறது.

பெரியம்மா தையல்காரி. அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மாடி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மெஷின், வலப்பக்கம் துணி வெட்டும் மேசை, இடப்பக்கம் பெரியப்பாவின் மர நாற்காலி. பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டினார். வேலை முடிந்து வந்ததும் அந்த நாற்காலியில் சாய்ந்து, அன்று யார் குறுக்கே விழுந்தார்கள், யார் ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கு நின்றார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவள் கேட்கிறாளா என்றே தெரியாது. ஆனால் கதையில் எங்காவது பொய் கலந்தால் மெஷின் சட்டென்று நிற்கும். "அந்த ஆளு போன வாரமும் இதே மாதிரி விழுந்தாரே, விழறதே அவருக்கு வேலையா?" என்பாள். பெரியப்பா அசடு வழிவார்.

அவர்களுடைய கடைசிப் பெரிய சண்டை ஒரு கத்திரிக்கோலால் வந்தது. துணி வெட்டும் கத்திரியால் வேறு எதையாவது வெட்டினால் கூர் மழுங்கிவிடும். தையல்காரி வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பெரியப்பாவோ, ஆடிக்கொண்டிருந்த தன் நாற்காலியின் காலுக்கு முட்டுக்கொடுக்க, அந்தக் கத்திரியாலேயே கெட்டி அட்டையை வெட்டிவிட்டார். மறுநாள் காலை பெரியம்மா பட்டுத்துணியில் கத்திரியை வைத்தாள். அது வெட்டவில்லை, கடித்தது.

நான் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தபோது, "உங்க பெரியப்பாகிட்ட கேளு, அவரு ஸ்டியரிங்ல நான் ஈரத்துணி காயப்போட்டா சும்மா இருப்பாரான்னு" என்றாள்.

பெரியப்பா சிரித்துவிட்டார். சிரித்தபடியே வேலைக்கும் போய்விட்டார். மதியம் மெஷின் மேலேயே பெரியம்மா சாய்ந்து கிடந்ததை என் அம்மாதான் பார்த்தாள்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். இடது கை துவண்டுபோயிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மெஷினை நகர்த்திவிட்டு, கால்மாட்டில் ஜன்னல் வரும்படி அங்கேயே கட்டில் போட்டோம். பெரியப்பா வழக்கம்போல் இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அவள் என்னோடு பேசினாள். அம்மாவோடு சிரித்தாள். பெரியப்பாவை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கை வலிக்குதா?" என்று அவர் கேட்டால், வலப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "பரவாயில்லடி" என்பாள்.

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்ததுதானே! "எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தும் இந்த வீம்பு போகல பாரேன்" என்று அம்மா படியில் புலம்பினாள். பெரியப்பா அந்தக் கத்திரியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்து, நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில், அவள் கண்ணில் படட்டும் என்று வைத்தார். அவள் தொடவே இல்லை. கோபமாக இருப்பவளைத் தொட்டால் இன்னும் கோபப்படுவாள் என்று அவரும் கிட்டே போகாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "நான் சிரிச்சேன்ல தபால், அதான் அவ மண்டைக்கு ஏறிடுச்சு. என்னை மன்னிக்காமலே போயிடுவா போலிருக்கு" என்றார். ஆயிரம் செய்தி கொண்டுபோனவள் நான். அன்றைக்கு அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோகாமலே மாடி ஏறிவிட்டேன்.

கைகால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்தான் பெரியம்மா சாப்பிட்ட தட்டைக் கவனித்தாள். வலப்பாதி வழித்துத் துடைத்திருந்தது. இடப்பாதி வைத்தது வைத்தபடி இருந்தது. பசியில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் பெண் தட்டைத் திருப்பி வைத்தாள். "இது எப்ப வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மீதியையும் பெரியம்மா சாப்பிட்டாள். பிறகு அந்தப் பெண் அளவு டேப்பைப் போர்வை மேல் நீட்டி, நடுவைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். கண்ணால் பார்த்தே துணியைச் சரிபாதியாக மடிப்பவள் என் பெரியம்மா. அவள் விரல் டேப்பின் வலது கோடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கண்ணுல கோளாறு இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிறதையே மூளை இவங்களுக்குச் சொல்ல மாட்டேங்குது. அந்தப் பக்கம் இருட்டா இருக்கும்னு நினைக்காதீங்க. எதுவும் குறையறதாகவே இவங்களுக்குத் தோணாது."

பெரியப்பா எழுந்தார். "அப்ப இது கோபம் இல்லையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

பெரியம்மா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "இத்தனை நாளா எங்க போயிட்டீங்க? குரல் மட்டும் கேக்குது, ஆளைக் காணோம். வாசல்ல நின்னே விசாரிச்சுட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். நானா கேக்கவும் மனசு வரல."

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வீம்பு, குணம், பிறவிக் கோபம் என்று நாங்கள் எத்தனை பட்டம் கட்டினோம்! கடுகளவு அடைப்பு செய்த வேலையை அவள் மனசின் கணக்கில் எழுதிவிட்டோம். எனக்கு எங்கள் எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். பெரியப்பா இடப்பக்கமே உட்காருவதுதான் நல்லது. அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரியம்மா திரும்பித் தேடத் தேடத்தான் மூளை பழகும்.

"இப்பத்தானம்மா வந்தேன்" என்றார் பெரியப்பா. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்கே போனார்.

"பஸ்ஸுலயும் ஒரு மூலை இருக்கு தபால், கண்ணாடியில தெரியாது. கழுத்தைத் திருப்பித்தான் பாக்கணும். இவளைத் திருப்ப எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்று முதல் பொய்யாக அள்ளிவிட்டார். தன் பேருந்தில் யானை ஏறியது என்றார். தான் ஒருநாளும் குறட்டை விட்டதில்லை என்றார். பெரியம்மா மறுத்துப் பேச அவரைத் தேடுவாள். கண் என்னிடம் வரும், ஜன்னல் வரைக்கும் போகும், அங்கேயே தட்டி நின்றுவிடும். அவர் நாற்காலிக் கையைத் தட்டி, "இங்க, இன்னும் கொஞ்சம் திரும்பு" என்று கெஞ்சுவார். வாரங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, போகிறபோக்கில் சொல்வதுபோல், "அந்த அட்டையை வெட்டினது நான் இல்லம்மா. தபால்தான் வெட்டினா" என்றார்.

"ஐயையோ பெரியப்பா!" என்றேன்.

பெரியம்மாவின் தலை திரும்பியது. என்னைத் தாண்டியது, ஜன்னலைத் தாண்டியது, இன்னும் திரும்பியது. முக்காலியில் பளபளவென்று இருந்த கத்திரிமேல் கண் விழுந்தது. வலது கையைக் குறுக்கே நீட்டி அதை எடுத்தாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பெரியப்பாவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, இன்னொரு தடவை இதைத் தொட்டா கையை நறுக்கிடுவேன்னு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இன்னமும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.