கேட்டுக்கு வெளியே நின்ற உப்பு

அந்த வீட்டைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. மூலை வீடு. மூன்று பக்கமும் புல்தரை. இரண்டு கார் நிறுத்திய பிறகும் பிள்ளைகள் பந்து விளையாட இடம் மிச்சம். ஈப்போவுக்கு வெளியே, நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் அது, புதுக் குடியிருப்பு. சுற்றிலும் வேலி, ஒரே கேட், ஒரு காவலாளி.

வீடு வாங்கியவர்களின் முதல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, வீட்டுக்காரர் போனில் சொல்லாமல் வெளியாட்களின் மோட்டார் சைக்கிளை உள்ளே விடவே கூடாது, திருட்டெல்லாம் அவர்களால்தான் என்றார். சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அதுவும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு. பெரிய மனிதர்களோடு சேர்ந்துவிட்ட நினைப்பு எனக்கு.

எங்கள் குடும்பத்தில் கூடப்பிறந்தவள் உப்பும் மஞ்சளும் ஏந்தி முதலில் உள்ளே வர வேண்டும். அவள் கையால் பால் காய்ச்ச வேண்டும். என் அக்கா பதினான்கு வயதில் ரப்பர் மரம் சீவப் போனவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

குடிபுகும் நாளில் நல்ல நேரம் முடியப் போகிறது, அவளைக் காணோம். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? நீயே ஊத்துலா," என்று மனைவியிடம் சிடுசிடுத்தேன்.

பால் பொங்கியது. எல்லோரும் படம் பிடித்தார்கள். மாடியில் கழற்றிப் போட்ட சட்டைப் பையில் என் போன் பதினோரு தடவை அடித்து ஓய்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

காரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் பறந்தேன். அக்கா பட்டுச்சேலையில், கையில் உப்பும் மஞ்சளும் வைத்த தட்டோடு, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில், புந்தோங் ஊரிலிருந்து அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த அவள் கணவர். வீட்டுக்காரர் போனை எடுத்தால்தான் விடுவேன் என்றிருக்கிறான் காவலாளி. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த நேப்பாளிக் காவலாளி முதலில், நாங்கள் கை தூக்கிய விதியை எழுதி மாட்டியிருந்த போர்டைக் காட்டினான். பிறகு, விருந்தாளிகளின் கார் நம்பர்களை நானே எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினான். கார் இல்லாத அக்காவின் பேர் அதில் இல்லை. எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேட் இருக்கும் இடம்தான் தோட்டத்துப் பெரட்டுக் களம். விடியும் முன்னே, ஆள் கணக்கெடுக்கும் கிராணி பேர் கூப்பிடும்வரை அக்கா வரிசையில் நின்ற இடம். அங்கேயே அவளை மறுபடியும் நிற்க வைத்துவிட்டேன்.

"பால் காச்சிட்டீங்களாடா?"

தலையாட்டினேன். காரில் ஏறச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பரவால்லடா, நல்ல நேரத்த விடக்கூடாதுல்ல. மச்சானுக்கு ரெண்டு மணிக்கு வேல. இன்னொரு நாளைக்கு வாரேன்லா."

தட்டை என் கையில் கொடுத்தாள். திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். அவள் கோபப்படாததுதான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கை தூக்கினேன். என் கை ஒன்றுதான் மேலே இருந்தது. அக்கா இன்னும் வரவில்லை.

அன்று மோட்டாரில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வீட்டுல எத்தன ரூம்டா?"

ஐந்து என்று, கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன்.