தெரியலக்காவின் எலுமிச்சைக் கன்றுகள்

எங்கள் நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தெரியலக்கா. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "தெரியலயே" என்பதுதான். மழை வருமா? தெரியல. டீ குடிக்கலாமா? தெரியல. ஒருமுறை செருப்பு வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் பாதிக் கடையை இறக்கிப் போட்டார். கடைசியில் அக்கா தன் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு, "இதுவே நல்லாத்தான் இருக்குல்ல?" என்றார். என்னால் கடைக்காரரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் பக்கத்து மேசை. புத்தகங்களைக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் என் வேலை. எதுவும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டவருக்கு என் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

அக்கா முதலில் தலைமை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். அங்கே தட்டச்சு இயந்திரங்களைத் தூக்கிப் பரணில் போட்டதும், இவரை என்ன செய்வது என்று தெரியாமல் சிறுவர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் யாரும் வருவதில்லையே, அதனால் எதுவும் கெட்டுப்போகாது என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அப்போது வந்துகொண்டிருந்த ஓரிரு பிள்ளைகளும் மின்விசிறிக்காக வந்தவர்கள்தான்.

ஒருநாள் அதில் ஒரு பிள்ளை மண்புழுவைப் பற்றிய படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது நம்ம மண்ணுலயும் இருக்குமா?" என்று கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இருக்கும் என்று சொல்லி வேலையைப் பார்த்திருப்பார்கள். அக்கா "தெரியலயே, வா, தோண்டிப் பாப்போம்" என்று நூலகத்தின் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். உடைந்த நாற்காலிகளும் காய்ந்த மண்ணுமாகக் கிடந்த இடம் அது. இருவரும் இருட்டும்வரை தோண்டினார்கள்.

அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. சிறுவர் பிரிவில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதில் உள்ளதில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தரவேண்டும். படித்தேன் என்றால் போதாது. பிள்ளைகள் மொய்க்கத் தொடங்கினார்கள். புத்தகங்களும் திரும்பி வந்தன, ஆனால் எப்படி வந்தன என்று என்னைக் கேட்க வேண்டும். பக்கங்களுக்கு நடுவே மண், அட்டையில் எருவின் வாசனை, ஒருமுறை எறும்புகள். துடைத்துத் துடைத்து என் விரல் தேய்ந்தது. "அக்கா, இது நூலகமா, நாற்றங்காலா?" என்று கத்துவேன். அவர் யோசித்துவிட்டு, "தெரியலயே" என்பார். கிண்டல் செய்யத் தெரியாத மனிதர், நிஜமாகவே யோசித்துத்தான் சொல்வார்.

குழப்பம் எலுமிச்சையில் வந்து விடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகள் கூட்டத்துக்கு அக்கா மரம் வளர்ப்பது பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார். அவர்கள் பழைய டப்பாக்களில் எலுமிச்சை விதை போட்டு, பின்கட்டு முழுக்கக் கன்றுகளாக வளர்த்துவிட்டார்கள். வளர்ந்ததும் தெருவோரம் நட வேண்டும் என்பது திட்டம். அவர்களுக்குத் தலைவி எப்போதும் கையில் தண்ணீர்க் குவளையோடு திரியும் ஒரு சிறுமி. நான் அவளைக் குவளை என்றே கூப்பிடுவேன்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அதே அக்கா கொடுத்தது வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய புத்தகம். அந்தக் கூட்டத்தின் தலைவனுக்கு மூக்கில் தடிமனான கண்ணாடி, கையில் பூதக்கண்ணாடி. எனவே அவன் பெயர் பூதம். ஒரு வண்ணத்துப்பூச்சி எலுமிச்சை இலையில்தான் முட்டையிடும் என்று புத்தகத்தில் படித்தான், பின்கட்டுக்கு ஓடினான், இலையில் முட்டையைக் கண்டான். அன்று அவன் போட்ட கூச்சலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். சனிக்கிழமை வந்தால் பூதம், "அக்கா, புழுவெல்லாம் காணோம்!" ஞாயிற்றுக்கிழமை வந்தால் குவளை, "அக்கா, இலையெல்லாம் காணோம்!" இவள் புழுக்களைப் பொறுக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போடுவாள். அவன் சுவர் ஏறிக் குதித்து, பறவை எச்சம் போலிருக்கும் அந்தக் குட்டிப் புழுக்களைத் தேடியெடுத்து மறுபடி செடியில் விடுவான். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அக்கா இருவரிடமும் "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

"யார்கிட்ட? செடியும் வேணும், புழுவும் வேணும். நானே குடுத்த புத்தகம். எது தப்புன்னு சொல்றது?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் பதில் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நூலகத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமில்லையாம். பின்கட்டில் சிமெண்ட் போடலாமா என்று அதிகாரி ஒருவர் சனிக்கிழமை நேரில் பார்க்க வருவார். "பிள்ளைங்க தோட்டம்னு சொல்றீங்க. பச்சையா ஏதாவது இருந்தா விட்டுடலாம். வெறும் மண்ணுன்னா சிமெண்ட்தான்" என்று அந்த அதிகாரியே தொலைபேசியில் சொன்னார்.

அக்காவின் முகம் வெளுத்துப் போனது. சிமெண்ட் விழுந்தால் கன்றும் இல்லை, புழுவும் இல்லை, தோண்டிப் பார்க்க மண்ணும் இல்லை. மறுபடி மின்விசிறிக்கு வரும் பிள்ளைகள் மட்டும்தான்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அக்கா ஒரு அட்டைப்பெட்டியோடு பின்கட்டில் குந்தியிருந்ததைப் பார்த்தேன். முன்பு பறவை எச்சம் போலிருந்த புழுக்கள் இப்போது பச்சையாக, விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டதும் அது தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விட்டது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் செடியிலேயே விட்டார்.

"என்னக்கா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"தெரியலடி" என்றார். கண் கலங்கியிருந்தது. "பூதம் நாளைக்கு வந்து கேட்டா, எதுக்கு எடுத்தேன்னு சொல்லுவேன்? ஆபீசர் வர்றாருன்னா?"

மறுநாள் அதிகாரி வருகிறார் என்பதால் இரண்டு கூட்டமும் முதல்முறையாகச் சேர்ந்து நின்றது. கன்றுகளில் இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, டப்பா டப்பாவாகக் குச்சிகள். தின்ன இலையில்லாமல் புழுக்களும் எங்கோ ஊர்ந்து போய்விட்டிருந்தன. அதிகாரி ஸ்கூட்டரை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

"செடி எங்கம்மா?"

அவ்வளவுதான். குவளை பூதத்தைக் கைகாட்டினாள், பூதம் குவளையைக் கைகாட்டினான். "நீதானா அது?" "நீதானா அது?" ஆளுக்கொரு புத்தகத்தை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அவர் இரண்டு பக்கங்களையும் படித்தார். இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

"இதுல யார் சொல்றது சரி?" என்று அக்காவிடம் கேட்டார்.

நான் மனதுக்குள், ஏதாவது பொய்யாவது சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியல சார்" என்றார் அக்கா. "ரெண்டு புத்தகத்தையும் நான்தான் குடுத்தேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "குச்சிய வச்சு நான் என்னம்மா பண்றது? சிமெண்டுக்கு எழுதிடறேன்." எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. கோபம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை.

அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, அதைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் விட்டு, குடையைக் கடன் வாங்கிக்கொண்டு பேருந்தில் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக்கோடு வந்தார். குவளைக்கு எல்லாருக்கும் முன்பே வந்து பழக்கம், அன்றைக்கும் குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வண்டியில் கைவைத்ததும் "தொடாதீங்க!" என்று ஒரு கத்தல். வண்டியின் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் தண்டின் அடியில், இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு சாய்ந்தபடி ஒரு கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருந்தது. இலை தீர்ந்து ஊர்ந்துபோன புழுக்களில் ஒன்று.

அந்தப் புழுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசியெறிந்தவளே இவள்தான். எனக்குத் தலை சுற்றியது. "நீதானே இதுங்களத் துரத்தினவ?" என்றேன்.

"அது தின்னுச்சு, துரத்தினேன். இது இப்ப எதையும் தின்னாதுக்கா. தின்னாத ஒண்ண எதுக்குத் துரத்தணும்?" குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றாள். அழுகை வரப் பார்த்தது. "என் செடி முழுக்க அதுக்குள்ளதான சார் இருக்கு."

அதிகாரி வண்டியைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் வானத்தைப் பார்த்தான்.

"இப்ப நான் என்ன பண்றது? எனக்கே தெரியலயே!" என்றார் அதிகாரி.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. "அப்ப இருங்க சார்" என்றார். "பாத்துட்டுப் போலாம்."

வண்டி அங்கேயே நின்றது. அதிகாரி பேருந்தில் அலுவலகம் போனார். போகிற வழி என்று சொல்லித் தினமும் எட்டிப் பார்த்தார், எங்கள் நூலகம் அவர் போகிற வழியில் இல்லை. சிறுவர் பிரிவில் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து இரண்டு புத்தகங்களையும் படித்து முடித்தார். பூதமும் குவளையும் வண்டிக்குக் காவல் இருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒருநாள் காலை கூடு காலியாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் பிளந்து போயிருந்தது. பறந்துவிட்டது என்றான் பூதம். பல்லி தின்றிருந்தால் என்றாள் குவளை. அக்காவிடம் கேட்டார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதிகாரி வண்டியைத் துடைத்தார். கண்ணாடித் தண்டை மட்டும் துடைக்கவில்லை.

"சிமெண்ட் எப்ப சார் வருது?" என்று நானே கேட்டுவிட்டேன். அக்காவுக்குக் கேட்கத் தைரியமில்லை என்று தெரியும்.

"வராதும்மா. இந்த இடம் வண்டி நிறுத்தத் தோதுப்படாதுன்னு எழுதிட்டேன்" என்றார். "இங்க விட்ட வண்டியத் திரும்ப எடுக்க முடியலயே. நானே சாட்சி." வண்டியை உருட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, இரண்டு புத்தகங்களையும் என் மேசையில் வைத்தார். அடுக்கப் போனபோது உள்ளேயிருந்து மண் உதிர்ந்தது. நான் துடைக்கவில்லை.

குச்சிகள் துளிர்த்துவிட்டன. நேற்று குவளை ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுத் துளிரின் நுனியில் மஞ்சளாகக் கடுகளவு ஒரு முட்டை. அக்கா மதியம் விடுப்பு. அதனால் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இத என்ன பண்ணட்டும்?"

எனக்கு எதையும் உடனே சொல்லித்தான் பழக்கம். வாயைத் திறந்தேன். "தெரியலடி" என்றுதான் வந்தது. "வா, பாப்போம்."