ஈரத் தலை

வேலை முடிந்து வோபர்ன் அப்பார்ட்மென்றுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் தெம்பில்லை. பேக்கரியில் எட்டு மணித்தியாலம் பாண் தட்டுத் தூக்கிய கை. அப்படியே சோபாவில் விழுந்தேன்.

"உங்கடை இத்தாலிப் பிள்ளை ஷவர் எடுக்கிறா" என்றாள் மகள். குரலில் ஒரு முறைப்பு.

இத்தாலிப் பிள்ளை நான் பலெர்மோவில் வளர்த்தவள். என் மகளை இரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையாக இருந்த இவளைப் பார்க்கும் வேலைக்குப் போனேன். கனடாவில் இருந்த கணவர் எங்களைக் கூப்பிட ஒன்பது வருடம் பிடித்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பு!

இப்போது இவள் வேலை தேடி ரொறன்ரோ வந்து, எங்களோடு தங்கியிருக்கிறாள். இரண்டு பட்டம் படித்தவள். இத்தாலியில் ஆறு மாத ஒப்பந்தம், பிறகு இன்னொரு ஆறு மாதம், அதுவும் பயிற்சிக்காரி என்ற பெயரில். இருபத்தெட்டு வயதிலும் தாய் வீட்டில், அதே சின்னக் கட்டிலில்தான் படுத்தாளாம். கூடப் படித்தவர்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்களாம். நாங்கள் பிழைக்கப் போன ஊரிலிருந்து அவர்களே பிழைக்கக் கிளம்புகிறார்கள். சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

குளித்துவிட்டு வந்தவள் என் காலடியில் உட்கார்ந்தாள். ஈரத் தலையோடு பிள்ளை பல்கனிக்குப் போனாலே காற்றுப் பட்டு நோய் வரும் என்று இவள் தாய் அலறுவார். அங்கே தாய்மாருக்கெல்லாம் அந்தப் பயம். ஒன்பது வருடம் இந்தத் தலையைக் காயவைத்தது நான்தான். கை தானாக டிரையரை எடுத்தது. தலைச் சுழி இடப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டே காயவைத்தேன்.

மகள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"நான் ஸ்னோவுக்குள்ளை ஈரத் தலையோடைதான் வேலைக்குப் போறன். ஒருநாள் கேட்டிருக்கிறியளோ அம்மா?"

"நீ எங்கை தொட விட்டனி?" என்று எரிந்து விழுந்தேன்.

பொய். நான் கேட்டதே இல்லை. பதினொரு வயதில், தன் தலையைத் தானே இழுத்துக் கட்டிக்கொண்டு கனடா வந்து இறங்கியவள் அவள். அப்பாடா, ஒரு வேலை மிச்சம் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, தலையில் தண்ணீர் சொட்ட, போனைப் பார்த்தபடியே மகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கெதியாச் செய்யுங்கோ. ஐ ஆம் லேட்."

டிரையரைப் போட்டேன். எந்தப் பக்கம் தொடங்குவதென்று தெரியாமல் கை நின்றது. குனிந்து தேடினேன்.

இரட்டைச் சுழி. முப்பது வயதுப் பிள்ளை.