கதவில் ஒட்டிய 27

உப்புக் களத்தில் டயர் உருளும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... அப்பளம் நொறுங்குவது போல, சன்னமாக. ஜன்னலை இறக்கினால் போதும், உதடெல்லாம் உப்புக் கரிக்கும்.

மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்புப் பாத்திகள் இருந்தன. வாரிய உப்பைக் குவித்து வைக்கப் பக்கத்திலேயே ஒரு களம். பொங்கல் முடிந்து உப்பு வாரத் தொடங்கும் வரை அது காலியாகக் கிடக்கும். அந்த வருடம் அதுதான் என்னுடைய ரேஸ் டிராக்!

ரேஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆட்டோகிராஸ். மைதானத்தில் ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வழி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராக உள்ளே விடுவார்கள். கோனை இடிக்காமல், வழி தப்பாமல், யார் சீக்கிரம் சுற்றி வருகிறார் என்பதுதான் போட்டி. ஆளுக்கு மூன்று ரவுண்ட்.

புதுச்சேரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸில் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்துப் பைத்தியம் பிடித்து, சென்னைப் பக்கம் நடக்கும் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அப்பாவோ டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"பிரைஸெல்லாம் எவனுக்கு வேணும்? நீ ஒரு ரவுண்டு முழுசா முடிச்சிட்டு வா, அத நான் பாக்கணும். அது போதும்மா எனக்கு."

கோனுக்கு எங்கே போவது? பழைய பிளாஸ்டிக் குடங்களை அப்பா கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து அப்பாவின் காரில் சுற்றுவேன். வெள்ளைத் தரையில் முதல் தடவை மெதுவாகப் போனால் டயர் தடம் கறுப்பாக விழும். அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு பறப்பேன். கரையில் நின்று அப்பா கைதட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

கிளம்புவதற்கு முன் காரைக் காலி செய்தோம். உள்ளே ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது ரூல். மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, டிக்கியில் கிடந்த சாம்பிள் உப்பு மூட்டை... எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் டேஷ்போர்டு முருகன்.

"ஏம்மா, சாமியையுமா எடுக்கச் சொல்றாங்க?"

"பிரேக் அடிச்சா வந்து மூஞ்சியில அடிக்கும்பா."

முருகனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கதவில் என் நம்பரை ஒட்டினார், 27. அந்த ஏழு கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. டயருக்குக் காற்று, எனக்கு ஒரு கேன்வாஸ் ஷூ, பக்கத்து வீட்டு ஹெல்மெட். அதில் யாருடைய தேங்காய் எண்ணெயோ மணத்தது. எல்லாம் ரெடி என்று நினைத்தோம்.

அங்கே போனால் தரை முழுக்கத் தார்.

காலையில் எல்லோரும் நடந்து வழியைப் பார்த்தோம். நானும் நடந்தேன். கோனைப் பார்த்து மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியவே இல்லை. தரையைப் பார்த்தே பழகிய கண். உள்ளே போய் வேகம் எடுத்ததும் எங்கே பார்த்தாலும் கோன்... தடம் எங்கே? மூன்றாவது வளைவில் வழி தப்பிவிட்டேன். அந்த ரவுண்ட் கணக்கில் இல்லை. இரண்டாவது தடவை மெதுவாகத்தான் போனேன். அதே இடம், அதே தப்பு. எங்கேயோ இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று இன்றுவரை தெரியாது.

கொடி பிடித்திருந்தவர் நல்ல மனுஷன். "இன்னும் ஒரு ரவுண்ட் இருக்கு மேடம். லஞ்ச் டைம்ல இன்னொரு வாட்டி நடந்து பாத்துக்கோங்க" என்றார்.

அப்பாவும் வந்தார். "இன்னொருதபா சுத்திட்டு வாயேம்மா. மெதுவாவே போ. இன்னா இப்போ?"

"போதும்பா. வீட்டுக்குப் போலாம்."

அப்பா ஹெல்மெட்டை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார். பையிலிருந்து முருகனை எடுத்துப் பழைய இடத்தில் உட்கார வைத்தார். ஊர் டீக்கடை வந்ததும் அந்தப் பக்கம் பார்க்காமலே தாண்டினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டெப்னியை ஏற்றினார், ஜாக்கியை வைத்தார், மிதியடியை விரித்தார்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் கல்யாணம், சென்னை, குழந்தை... அப்படியே போய்விட்டது.

இப்போது என்னிடம் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. கோடு தாண்டினால் கத்துகிறது, ரிவர்ஸ் எடுத்தால் படம் காட்டுகிறது. போட்டிக்குப் போனில் இரண்டு தட்டு தட்டினால் பெயர் பதிவாகிவிடுகிறது. பெண்கள் எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள். வீடியோ வந்தால் நான் மேலே தள்ளிவிடுகிறேன். தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ஒரு ரவுண்டை நடந்து பார்த்து, மெதுவாகவாவது ஓட்டி முடித்திருக்கலாம். அப்பா ஒரே ஒரு தடவை பார்த்திருப்பார். இப்போது அவருக்கு முட்டி வலி, வெயிலில் நிற்க முடிவதில்லை.

போன வருடம் அந்தப் பழைய காரை விற்றோம். நானும் போயிருந்தேன். கதவில் டேப் இன்னும் இருந்தது. "வெயில்ல ஒட்டிக்கினு வர மாட்டேங்குது" என்று இத்தனை வருடமாக அப்பா சொல்லி வந்தார். பாதி டேப் தானாகவே பிய்ந்து தொங்கியது.

காரை வாங்க வந்தவர் பக்கத்து ஊர், அனுமந்தைக்காரர். அவர் கேட்டார். "இன்னாங்க இது, இருபத்தேழுன்னு?"

"எம்பொண்ணு ரேஸ் ஓட்டுச்சுப்பா. அந்த நம்பரு."

"அப்படியா! ஜெயிச்சாங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் முடியலப்பா. ஒரு ரவுண்டு பாக்கி இருக்குது."

சொல்லிவிட்டு, காருக்குள் கையை விட்டு முருகனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.